ஒரே மேசையில் இரண்டு குளிர்

ஆரிஃபாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஊட்டிக் கல்லூரி ஆய்வகத்தில் மூன்று வருஷம் மல்லுக்கட்டி, ஈரம் புகாதபடி புதுப் பசையால் ஒட்டிய சோலார் தகடு, கிளென்மார்கன் எஸ்டேட் நர்சரியில் பதினெட்டு உறைபனிகளைத் தாங்கிவிட்டது. ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில் வைத்திருந்த பழைய பசைத் தகடோ பாதிக்குப் பாதி படுத்துவிட்டது. இந்த முடிவு நின்றால் ஆராய்ச்சி இன்னும் ஒரு வருஷம் ஓடும்.

ஆனால் இரண்டு தகட்டிலும் பொருத்தியிருந்த வெப்பமானிகளின் கணக்கு இடித்தது. பழைய தகட்டில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே போன இரவுகளில்கூடப் புதுத் தகட்டில் நாலு டிகிரி. ஒரே மேசையில், ஒரு சாண் தள்ளி, இரண்டு குளிரா? கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாமா என்று தோன்றாமல் இல்லை, பொய் சொல்வானேன். மறுநாள் எஸ்டேட்டுக்கு முதல் பஸ்ஸைப் பிடித்துவிட்டாள்.

நர்சரி வேலை பார்க்கும் கனகமணி, புதுத் தகட்டின் மேலிருந்து பெரணித் தழைகளை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா பண்றீங்க?"

"பனிக்கு நாத்தை மூடறப்ப இதுக்கும் நாலு தழை போட்டுருவனுங்க அம்மிணி."

"பக்கத்துல இருக்கிறதுக்கு?"

"இதைக் காட்டித்தானுங்க, மூணு வருஷம் பாடுபட்டது, பத்திரமா பாத்துக்கங்கன்னு சொன்னீங்க. அதைப் பத்தி ஒண்ணும் சொல்லலீங்களே."

ஆரிஃபாவுக்குச் சுருக்கென்றது. சொன்னது அவள்தான். பனியில் கெடுகிறதா என்று பார்க்கத்தான் வெளியே வைத்திருக்கிறோம் என்பதை மட்டும் சொல்லவில்லை.

"அய்யோ, கெடுத்துப்போட்டனுங்களா?"

"நீங்க இல்லக்கா. நான்தான்."

அடுத்த வாரம் பழைய பசையில் இரண்டு, புதுப் பசையில் இரண்டு என்று நாலு தகடுகள் வந்தன. ஒவ்வொரு பசையிலும் ஒன்றை மூட வேண்டும், ஒன்றைத் திறந்தே விட வேண்டும். எதை மூடுவது என்று காசு சுண்டி முடிவு செய்தார்கள். பனி கொட்டும் மாலைகளில் புதுப் பசைத் தகடு ஒன்றை வெறுமனே விட்டுவிட்டு வர கனகமணிக்கு மனசே வரவில்லை. ஆனாலும் விட்டாள்.

பத்துப் பனி கழித்து அளந்தார்கள். மூடிய இரண்டும் பிழைத்திருந்தன. மூடாத இரண்டும் ஒரே அளவுக்குச் செத்திருந்தன.

"அப்ப தாங்குனது?" என்றாள் கனகமணி.

"உங்க தழைதான்க்கா."

"உங்க மூணு வருஷமுங்க?"

ஆரிஃபா அளந்ததை அளந்தபடியே எழுதினாள். எழுதி முடித்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. கனகமணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேற பசை கண்டுபுடிச்சுக் கொண்டாங்க, அம்மிணி. மனசைக் கல்லாக்கிக்கறேன். நீங்களே வந்து கெஞ்சினாலும் ஒரு தழை போடமாட்டேன்."