திருடனுக்குப் பிடித்த சாண்ட்விச்

வரைபடப் பிரிவில் எல்லோருக்கும் அவள் மேப் அக்கா. வருஷக்கணக்காக அளவுகோல் பிடித்த கை. வீட்டில் ரொட்டியின் ஓரத்தைக்கூட நேர்கோட்டில்தான் வெட்டுவாள். அப்படி வெட்டி, டப்பாவில் போட்டு ஆபீஸ் ஃபிரிட்ஜில் வைத்த சாண்ட்விச் ஒரு திங்கட்கிழமை காணாமல் போனது. செவ்வாயும் போனது. புதன்கிழமை காலி டப்பாவுக்குள் ஒரு துண்டுச்சீட்டு கிடந்தது. கையெழுத்துத் தெரியாதபடி டைப் அடித்திருந்தது.

"தக்காளியின் ஈரம் ரொட்டியில் இறங்கியுள்ளது. வெண்ணெய் ஓரம்வரை தடவப்படவில்லை. இனி கவனிக்கவும்."

திருட்டைக்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். அந்த 'இனி கவனிக்கவும்'தான் சுருக்கென்று தைத்தது.

"தின்னதும் இல்லாம குத்தம் வேற சொல்றான் பாருங்க!" என்று வீட்டுக்காரரிடம் பொரிந்து தள்ளினாள்.

"நான் பதினெட்டு வருஷமா சாப்பிடறேன். ஒரு வார்த்தை சொல்லியிருப்பேனா?" என்றார் அவர்.

உண்மைதான். நன்றாயிருக்கிறது என்றும் சொன்னதில்லை.

மறுநாள் தக்காளியில் உப்புத் தூவி, துணியில் பரப்பித் தண்ணீர் வடிய விட்டாள். வெண்ணெயை மூலை முடுக்கெல்லாம் இழுத்துத் தடவினாள். பக்கத்து மேஜைக்காரி, "உள்ள மொளகாப்பொடிய அள்ளிப் போடுங்கக்கா, ஆள் தானா அலறுவான்" என்று யோசனை சொன்னாள்.

"சாண்ட்விச்ச கெடுக்கறதா?" என்று சீறினாள் மேப் அக்கா.

அன்றைய சீட்டு: "ஈரம் இல்லை. வெங்காயம் தடிமன்." அடுத்த நாள்: "முட்டை ஒரு நிமிடம் கூடுதலாக வெந்துள்ளது." மதியம் டீயும் பிஸ்கட்டுமாக வயிற்றைக் காயப்போட்டுக்கொண்டு, ராத்திரியெல்லாம் முட்டையையே நினைத்துக்கொண்டு படுத்தாள். மூன்றாவது வாரம், "குறை ஏதுமில்லை" என்று வந்தது. பசியில் காது அடைத்தாலும் அன்று அவள் கால் தரையில் பாவவில்லை.

அந்த மாதக் கூட்டத்தில் கண்காணிப்பாளர் வழக்கம்போல் நேர்மையைப் பற்றிப் பத்து நிமிடம் முழங்கினார். ஆபீஸ் பென்சிலை வீட்டுக்குக் கொண்டுபோகிறவன் நாளைக்கு ஆபீஸையே கொண்டுபோவானாம். பிறகு கடையில் வாங்கிய சாண்ட்விச்சைக் கொடுத்தார்கள். அவர் மேல் ரொட்டியை விரலால் தூக்கிப் பார்த்துத் தட்டைத் தள்ளிவைத்தார்.

"வெண்ணெய் ஓரத்துக்கே போகல. அப்புறம் ஈரம் இறங்காம என்ன பண்ணும்?"

மேப் அக்காவுக்குச் சுரீரென்றது. குரலில் தேனைத் தடவிக்கொண்டு கேட்டாள்:

"வெங்காயம் எப்படி இருக்கணும் சார்?"

"காகிதம் மாதிரி இருக்கணும்மா. பல்லுல பட்டதே தெரியக்கூடாது."

"முட்டை?"

"மஞ்சக்கரு லேசா இளகி இருக்கணும்."

"நேத்து நான் வச்சது அப்படித்தானே சார் இருந்துச்சு?"

"நேத்து ரொம்பப் பிரமாதமா இரு..."

அவர் வாய் திறந்தபடியே நின்றது. யாரோ ஒருவர் இருமினார். பக்கத்து மேஜைக்காரி குனிந்து செருப்பைத் தேடினாள்.

சும்மா விட்டுவிட முடியுமா? விசாரணைக் குழு போட்டார்கள். தலைவர், அதே கண்காணிப்பாளர்தான். பாதுகாப்பில்லாத இடத்தில் ஃபிரிட்ஜ் இருந்ததே எல்லாவற்றுக்கும் காரணம் என்று கண்டுபிடித்து, அதைத் தன் அறைக்கே மாற்றிக்கொண்டார்.

மேப் அக்கா டப்பாவைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டாள். ஒரு மாதத்துக்குப் பிறகு தன் சாண்ட்விச்சைத் தானே கடித்தபோது அவளுக்கே திகைப்பாக இருந்தது. இவ்வளவு நன்றாகவா செய்கிறோம்! பாவி, இத்தனை நாளும் இதையா தின்றிருக்கிறான்!

கண்காணிப்பாளர் அந்த வழியாக வந்தவர் மேஜைப் பக்கம் நடையைத் தளர்த்தினார். தொண்டை ஏறி இறங்கியது.

"இன்னைக்கு முட்டையாம்மா?"

"ஆமா சார்."

"மிளகு போட்டியா?"

"போட்டிருக்கேன் சார்."

அவர் நகரவில்லை. "ஒரு துண்டு..."

"எழுத்து மூலமா குடுங்க சார், பரிசீலிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, மீதியையும் நிதானமாக மென்று முடித்தாள்.