மலாக்கா செட்டிகள்: பதினொரு வரிகள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தில் கோலாலம்பூரில் ஒரு குழு கூடி, மலாயாத் தமிழருக்கென்று ஒரு கலைக்களஞ்சியம் கொண்டுவருவதென்று முடிவெடுத்தது. ரப்பர் மரத்துக்கும் ரயில் பாதைக்கும் உடம்பைக் கொடுத்தவர்களைப் பற்றித் தமிழில் நாலு வரி எங்குமில்லையே என்பது அவர்களுடைய ஆதங்கம். ஐந்து தொகுதிகள் என்று திட்டம். ஊருக்கு ஒருவரைப் பிடித்து அந்த ஊர்ச் சங்கதிகளை எழுதச் சொன்னார்கள். மலாக்காவுக்கு அகப்பட்டவர் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் கலியாணசுந்தரம்.

அவருக்குத் தலைகால் புரியவில்லை. தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர், சொந்த முயற்சியில் படித்து வாத்தியாரானவர். முப்பத்திரண்டு தலைப்புகள் வந்தன. பழைய கோட்டைக்காக நாலு நாள் வெயிலில் அளவெடுத்தார். ஆற்றங்கரைக் கிடங்குகளைப் பற்றி எழுதக் கிழட்டுப் படகோட்டிகளைத் தேடிப் போனார். கடைசியில் ஒரே ஒரு தலைப்பு மிஞ்சியது. மலாக்கா செட்டிகள். அனுப்ப வேண்டிய நாளுக்கு இரண்டு நாள்தான் பாக்கி.

அந்த மக்கள் இருந்தது காஜா பேராங்கில், அவர் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே வணிகம் செய்ய வந்து, இங்கேயே பெண்ணெடுத்து, மலாயைப் பேச்சாக்கிக்கொண்ட இந்துக்கள். வட்டிக்கடை நகரத்தார் வேறு, இவர்கள் வேறு.

“பக்கத்துலதானே இருக்காங்க. ஒரு எட்டு போய் விசாரிச்சிட்டு வந்து எழுதலாமே,” என்றாள் அவர் மனைவி பாக்கியலட்சுமி.

“விசாரிக்க என்ன இருக்கு? தெரிஞ்ச கதைதானே.”

தெரிந்த கதை என்பது காப்பிக் கடையில் அவர் கேட்டிருந்த கேலிதான். அதை நல்ல தமிழில் பதினொரு வரியாக எழுதினார். கீழே க.சு. என்று முதலெழுத்துகளைப் போட்டு அனுப்பிவைத்தார். ‘சுருக்கமும் தெளிவும் பாராட்டத்தக்கன’ என்று தொகுப்பாசிரியர் நடராஜன் பதில் எழுதினார். அந்தக் கடிதத்தை அவர் சட்டைப் பையிலேயே ஒரு வாரம் வைத்திருந்தார்.

ஐம்பத்தாறு கடைசியில் இரண்டாம் தொகுதி வெளிவந்தது. பொங்கலுக்குச் சில நாள் முன்பு, அரசாங்க அலுவலகமொன்றில் குமாஸ்தாவாக இருந்த தம்பிராஜா அவரைத் தேடி வந்தார். காஜா பேராங் செட்டிக் குடும்பத்தவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். இங்கிலீஷ் நன்றாகத் தெரியும், வீட்டில் பேசுவது மலாய், தமிழில் ஓர் எழுத்து தெரியாது.

“சிக்கு,” என்றார், ஆசிரியர்களை மலாயில் அழைக்கும் மரியாதைச் சொல்லால். பேச்சும் மலாயில்தான். “எங்களப் பத்தித் தமிழ்ப் புத்தகத்துல வந்திருக்காம். ஒரு பிரதி வரவழைச்சிட்டேன். சுதந்திரம் வரப்போகுது. நீ யாரு, நீ யாருன்னு எல்லாரும் கேக்கப் போறாங்க. எங்க சனத்துக்கு முன்னால நீங்க வாசிச்சு, மலாயில சொல்லணும்.”

எழுதியவர் யாரென்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. கலியாணசுந்தரமும் சொல்லவில்லை. போகாமலிருக்க ஒரு காரணம் தேடினார், கிடைக்கவில்லை.

அவர்கள் பார்ச்சு என்று சொல்லும் முன்னோர் படையல் முடிந்த மறுநாள் அது. தம்பிராஜா வீட்டுக் கூடத்தில் முப்பது பேராவது இருந்தார்கள். சாரோங்கும் கெபாயாச் சட்டையும் உடுத்திய பெண்கள், நெற்றியில் திருநீறோடு பாயில் சம்மணமிட்ட ஆண்கள். தம்பிராஜாவின் அக்கா கமலவேணி பலகாரத் தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்தாள். புத்தகத்தை ஒரு பட்டுத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார்கள்.

பக்கத்தைத் திறந்தார். தான் எழுதியதை முதல்முறையாக அச்சில் பார்த்தார். பிறகு தலை நிமிர்ந்து அந்த முகங்களைப் பார்த்தார்.

அந்த நிமிடம் அவர் வாயில் வந்தது வேறொன்று. சுல்தான் காலத்தில் இவர்கள் மூதாதையர் அரண்மனையில் மந்திரிகளாக இருந்தார்கள் என்றார். பேச்சு மாறினாலும் அம்மன் விளக்கை அணையவிடாத மக்கள் என்றார்.

“பார்ச்சு பத்தி இருக்குதா?” என்று கமலவேணி கேட்டாள்.

“இருக்கு,” என்று சொல்லிவிட்டு, இல்லாத வரியில் விரலை வைத்துக்கொண்டு, முன்னோரை மறவாத பண்பைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். தம்பிராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இதை ரூமி எழுத்துல எழுதிக் கொடுத்திடுங்க. சட்டம் போட்டு மாட்டிக்கிறோம்,” என்றார்.

மறுக்க வழியில்லை. அங்கேயே உட்கார்ந்து மலாய்ச் சொற்களை இங்கிலீஷ் எழுத்தில் இரண்டு தாள் எழுதிக் கொடுத்தார். மனைவியிடமும் சொல்லவில்லை. அதன் பிறகு காஜா பேராங் வழியாகப் பள்ளிக்குப் போவதை விட்டுவிட்டு, சுற்றுப் பாதையில் சைக்கிள் மிதித்தார்.

அந்த ஆகஸ்டில் சுதந்திரம் வந்தது. கொடியேற்றத்துக்குப் பிள்ளைகளை வரிசையாக அழைத்துப் போனபோது, கூட்டத்தில் தம்பிராஜா தூரத்திலிருந்து கையசைத்தார். இவர் பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டார்.

நவம்பரில் ஒரு சாயங்காலம் கலியாணசுந்தரத்தின் வீட்டு வாசலில் தம்பிராஜா வந்து நின்றார். அக்குளில் அதே பட்டுத் துணி.

“அரிச்சுவடி வாங்கித் தமிழ் எழுத்துப் படிச்சேன், சிக்கு. பத்து மாசமாச்சு. அலுவலகத்துல பொன்னுதுரைன்னு ஒருத்தர், சாப்பாட்டு நேரத்துல சொல்லிக் கொடுப்பார். நீங்க வாசிச்சதை நானே வாசிக்கணும்னு ஆசை.”

பாக்கியலட்சுமி நாற்காலி போட்டாள். தம்பிராஜா புத்தகத்தை மடியில் விரித்து, எழுத்தெழுத்தாகக் கூட்டினார்.

“த-மி-ழை ம-ற-ந்-த... தமிழை மறந்த. த-மி-ழர். இது புரியுது. ந-டை உ-டை பா-வ-னை-யில்... ம-லா-ய்-க்-கா-ர-ரே. இதுவும் புரியுது.” விரல் அடுத்த வரிக்கு நகர்ந்தது. “பொ-ரு-ள-றி-யா-ச் ச-ட-ங்-கு. இதுக்கு என்ன அர்த்தம், சிக்கு? பொன்னுதுரையைக் கேட்டேன். உங்களைக் கேக்கச் சொல்லிட்டார்.”

சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது.

“அர்த்தம் தெரியாமச் செய்யற சடங்குன்னு அர்த்தம்,” என்றார் கலியாணசுந்தரம், மலாயில்.

“மந்திரி எங்க இருக்கு? அந்தச் சொல்லைத் தேடிப் பார்த்தேன். காணோம்.”

“அது அதுல இல்ல. நானா சொன்னேன். எழுதினதும் நான்தான். அந்த க.சு. நான்.”

தம்பிராஜா முகத்தில் கோபம் தெரிந்திருந்தால் கலியாணசுந்தரத்துக்கு ஆறுதலாக இருந்திருக்கும். வேண்டாத வீட்டில் நுழைந்துவிட்டவர்போலத் தம்பிராஜாதான் கூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு புத்தகத்தைத் துணியில் சுற்றினார்.

“ஞாயித்துக்கிழமை வாங்க. என்கிட்டச் சொன்னதை அங்கயும் சொல்லுங்க. என்னால சொல்ல முடியாது. நான்தான் உங்களைக் கூட்டிட்டுப் போனேன்.”

அவர் போன பின் பாக்கியலட்சுமி கதவருகில் வந்து நின்றாள். “போயிட்டு வாங்க,” என்றாள்.

ஞாயிறன்று அதே கூடம், அதே பாய். சுவரில் அவர் கையெழுத்து கண்ணாடிக்குள் இருந்தது. நின்றுகொண்டே சொன்னார். பதினொரு வரியையும் ஒரு சொல் விடாமல் மலாயில் சொன்னார். ‘இவர்தம் தனித்தன்மை விரைவில் மறையும்’ என்ற கடைசி வரிவரைக்கும் சொன்னார். யாரும் தண்ணீர் கொடுக்கவில்லை.

“நான் எழுதினது பொய். இதோ, சட்டத்துல இருக்கறதுதான் நிஜம்,” என்று சொல்லி முடித்தார்.

கமலவேணி எழுந்து வந்தாள்.

“சட்டத்துல இருக்கறதும் நிஜமில்ல, சிக்கு. சுல்தானோட மந்திரின்னு எழுதியிருக்கீங்க. எங்க ஆளுங்க துணியும் மசாலாவும் வித்தவங்க. அன்னைக்கே தோணுச்சு. புத்தகத்துல இருக்குன்னீங்க, சரின்னு விட்டுட்டேன். திட்டினப்பவும் எங்களைக் கேக்கல. புகழ்ந்தப்பவும் கேக்கல.”

அவர் அதை எதிர்பார்க்கவில்லை. பொய்யை ஒப்புக்கொள்ள வந்தவருக்கு, தன் கருணையும் அதே மாதிரிப் பொய்தான் என்று அங்கே வைத்துத்தான் தெரிந்தது. உட்காரவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை.

“இப்பக் கேக்கலாமா?” என்றார் கடைசியில்.

“கேளுங்க. ஆனா இன்னைக்கு வேணாம்.”

தை பிறந்ததும் போய்க் கேட்டார். பங்குனி வரை மூன்று மாதமும் ஞாயிறுதோறும் போனார். சிலர் கதவைத் திறக்கவில்லை. தேவதாஸ் என்ற தச்சர் வாசலில் நிற்கவைத்தே இரண்டு வாரம் பதில் சொன்னார், மூன்றாம் வாரம் உள்ளே கூப்பிட்டார். படையலில் எந்தப் பண்டம் யாருக்காக வைக்கப்படுகிறது என்று கமலவேணி ஒவ்வொன்றாகச் சொன்னாள். தெரியாததைத் தெரியாது என்றாள். அதையும் அப்படியே எழுதிக்கொண்டார். இருபத்தாறு பக்கம் வந்தது. ஒவ்வொரு பக்கத்தையும் மலாயில் படித்துக் காட்டி, அவர்கள் அடிக்கச் சொன்னதை அடித்தார்.

கோலாலம்பூருக்கு அனுப்பினார். மூன்றாம் தொகுதியில் திருத்தமாகச் சேர்க்கவேண்டும் என்று மன்றாடி ஒரு கடிதமும் வைத்தார். இரண்டு மாதம் கழித்து நடராஜனிடமிருந்து பதில் வந்தது. குழுவில் பாதிப்பேர் இந்தியா திரும்பிவிட்டார்கள், மிச்சப்பேர் புதிய பாடநூல்களுக்குப் போய்விட்டார்கள், மூன்றாம் தொகுதி வராது. இருபத்தாறு பக்கமும் கூடவே திரும்பி வந்தது.

அதைத் தம்பிராஜாவிடம் காட்டினார்.

“அப்ப அந்தப் பதினொரு வரிதான் நிக்கும்,” என்றார் தம்பிராஜா.

“ஆமா.”

இருபத்தாறு பக்கத்தையும் தம்பிராஜா வாங்கி வைத்துக்கொண்டார். சட்டம் போடவில்லை.

இரண்டாம் தொகுதி ஐந்நூறு பிரதி அச்சாகியிருந்தது. யார் யாருக்குப் போனது என்ற பட்டியலை நடராஜனிடம் கேட்டு வாங்கினார் கலியாணசுந்தரம். ‘இப்பதிவு விசாரிக்காமல் எழுதப்பட்டது, தவறானது, எழுதிய நான் வருந்துகிறேன்’ என்று தன் முழுப்பெயரிட்டுத் துண்டுச் சீட்டுகள் எழுதினார். பள்ளி விடுமுறைகளில் பஸ் ஏறி, பசைக் கிண்ணத்தோடு ஊர் ஊராகப் போனார். மலாக்காவில் நான்கு, மூவாரில் இரண்டு, தம்பினில் ஒன்று. ஐம்பத்தொன்பது முடிவதற்குள் பத்தொன்பது பிரதிகளில் ஒட்டியிருந்தார்.

சிரம்பானில் ஒரு வாசகசாலை. அங்கே பொறுப்பாக இருந்த மருதமுத்து சீட்டை இரண்டு தடவை வாசித்தார். அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“இது அச்சான புத்தகம் சார். யாரோ வந்து தப்புன்னு சொன்னா ஒட்டிட முடியுமா?”

“நான்தாங்க எழுதினவன்.”

“அதுக்கு என்ன அத்தாட்சி? புத்தகத்துல க.சு.ன்னுதானே போட்டிருக்கு.”

கலியாணசுந்தரம் பசைக் கிண்ணத்தை மூடினார். யாராவது அந்தப் பக்கத்தைத் திறந்தால் இந்தச் சீட்டில் உள்ளதை வாயாலாவது சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். மருதமுத்து, பார்க்கலாம் என்றார். பஸ்ஸுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. வாசகசாலைக்கு வெளியே, படிக்கட்டில், யார் உள்ளே போகிறார்கள் என்று பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.