தள்ளி நில்லு

கயிற்றை அவிழ்க்கப் போன அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள் மகள்.

"வேணாம்மா. மாமா வந்து பாக்கட்டும். அப்பா அதானே சொல்லிட்டுப் போனாரு."

அறை வாசலில் இடுப்பளவு உயரத்தில் ஒரு சிவப்புக் கயிறு. அதற்கு அப்பால், விடியும்போது உயிர் பிரிந்த அப்பா, முகத்தில் வலியின் சுவடே இல்லாமல் கட்டிலில் கிடந்தார்.

அப்பாவுக்குப் பிழைப்பே கதிர்வீச்சுதான். எண்ணெய்க் குழாய்களைப் பற்றவைத்த இடத்தில் உள்ளே விரிசல் இருக்கிறதா என்று, கடுகளவு உலோகத்தின் கதிரைப் பாய்ச்சிப் படம் எடுப்பார். அதற்கு முன் சுற்றிலும் கயிறு கட்டி எல்லோரையும் விரட்டுவார். வேலைத்தளத்தில் அவருக்குப் பட்டப்பெயரே 'தள்ளி நில்லு'. கதிரை அளக்கும் மீட்டர் வைத்துப் பார்க்கும்வரை, முதலாளியே வந்தாலும் கயிற்றுக்கு வெளியேதான் நிற்க வேண்டும்.

போன வாரம், புற்று பரவிய எலும்புகளின் வலிக்கு அவர் உடம்புக்குள்ளேயே கதிர் மருந்தை ஊசியில் ஏற்றினார்கள். வீட்டுக்கு வந்ததும் முதல் காரியமாகக் கயிற்றைக் கட்டினார். மகள் வயிற்றுப் பிள்ளைக்காரி. அவள் வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.

"இரும்புக்குள்ள புகுந்து பாத்துச்சுல்ல, அதோட சொந்தக்காரந்தான். இப்ப என் எலும்புக்குள்ள புகுந்து வலியைத் தேடிப் பிடிக்குது பாரு," என்றார் பெருமையாக.

சொன்னபடியே, பல மாதம் கழித்து முனகாமல் தூங்கினார். கண்ணுக்கே தெரியாத ஒன்று இதைச் செய்கிறதா என்று அவளுக்கு மெய்சிலிர்த்தது. கையைப் பிடித்துக்கொள்ளத்தான் முடியவில்லை. இப்போது தொடாமலே அனுப்பிவிடுவோமோ என்று கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பாவோடு வேலை பார்த்த மாமா மீட்டரோடு வந்தார். வாசலில் நீட்டினார், சும்மா ஒன்றிரண்டு டிக். கட்டிலருகே போனதும் சடசடத்தது. மீட்டரைத் தலைமாட்டில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"டாக்டர் சொன்னதுக்கு ரெண்டு மடங்கு தள்ளிக் கட்டியிருக்காரும்மா. நீ கொஞ்ச நேரம் கையைப் பிடிச்சிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது."

"கல்யாண போட்டோவுலயே என்னை விட்டுத் தள்ளித்தான் நிப்பாரு," என்றாள் அம்மா. சிரிப்பில் தொடங்கியது அழுகையில் முடிந்தது.

"இப்ப போலாமா மாமா?"

"போம்மா. ரொம்ப நேரம் வேணாம்."

மாமா கயிற்றை அவிழ்த்தார். மகள் போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். சில்லென்றிருந்தது. தலைமாட்டில் வைத்த மீட்டர் விடாமல் ஒலித்தது. மூச்சு நின்ற உடம்புக்குள் மருந்து இன்னும் வேலையை விடவில்லை. வலி தீர்ந்துவிட்டது என்று அதற்கு யாரும் சொல்லவில்லை.

மீட்டரை அணைக்க மாமா கட்டிலருகே வந்து கையை நீட்டினார்.

"இருக்கட்டும் மாமா."

கயிற்றைச் சுற்றி முடித்ததும் அவளைக் கூப்பிட்டுவிட வேண்டும் என்றுதான் மாமா நினைத்தார். முழங்கையில் சுற்றிக்கொண்டே வந்தார். கடைசி முனையும் கைக்கு வந்தது. ஒருமுறை அவளைப் பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டு, முதலிலிருந்து சுற்றத் தொடங்கினார்.