வலப்பக்கம் இழந்த ஒயில்

பங்குனி வெயில் தணிந்து, நீரற்ற வையையின் மணற்பரப்பு மஞ்சள் பூத்துக் கிடக்க, பாலத்து நெரிசலில் ஊர்திகள் ஒன்றையொன்று உந்தி ஊர்ந்து செல்ல, நான்மாடக்கூடலுக்கு மேற்கே சமணர்மலை கருத்து நின்ற மாலைப்பொழுதில், படிப்போரே, வடகரை அரங்கொன்றில் ஒயிலாட்டப் போட்டி நடந்துகொண்டிருந்தது. நடுவருள் ஒருவர் முத்துமீனா. ஒயிலாட்டம் அழிந்துவிடக் கூடாதே என்று ஊரூராய் அலைந்து, கண்டதையெல்லாம் நூலாக்கி, அந்நூலோடே தலைநரைத்தவர். அந்நூலே இன்று போட்டிக்கு நெறியாயிற்று. அதில் அவருக்கிருந்த பெருமை கொஞ்சநஞ்சமன்று.

முன்பு நூலுக்காக அவருக்கு முதன்முதலில் ஆடிக்காட்டிய கொட்டாம்பட்டிக் குழுவினர், இப்போது மேடையேறிக் கைத்துணி வீசி, சலங்கை அதிர, இடப்பக்கமும் வலப்பக்கமும் சுழன்று ஆடினர். அரங்கம் எழுந்து ஆர்ப்பரித்தது. தலைமை நடுவர் இராசாராமனோ நூலைப் புரட்டி, ‘இடப்பக்கமே சுழல்வர்’ என்னும் வரியில் விரல் வைத்து, அக்குழுவைப் போட்டியினின்று விலக்கினார். வென்று தலைநகர் மேடையேறும் கனவோடு ஓராண்டு உழைத்தவர்கள் அவர்கள்.

முத்துமீனா பதறியெழுந்து குழுத்தலைவர் விருமாண்டியிடம் விரைந்தார்.

“நான் பாக்க வந்தப்ப எடப்பக்கம் மட்டுந்தானே சுத்துனீங்க, அண்ணே?”

“அன்னைக்குக் களத்துல வலப்பக்கம் வைக்கப்போரு கெடந்துச்சு, தாயி. சுத்த எடம் ஏது? மத்தபடி எப்பவும் ரெண்டு பக்கமுந்தான்.”

வைக்கோற்போர் ஒன்றை மரபென்று எழுதிவைத்த மடமை அவர் நெஞ்சைச் சுட்டது. திரும்பி வந்து, பிழை தம்முடையதே என்று அவையறியச் சொன்னார்.

இராசாராமன் கைகூப்பினார். “அம்மா, நீங்க இரக்கத்துல பேசறேள். உங்க புஸ்தகத்தைப் பார்த்துத்தான் அத்தனை குழுவும் ஆடியிருக்கா. இப்போ புஸ்தகமே தப்புன்னா, நான் எதை வச்சு மார்க் போடறது?”

நுணலும் தன் வாயால் கெடும் என்பர். கற்றவர் தம் எழுத்தால் கெடுவதும் உண்டு. எதைச் சொன்னாலும் அவருக்கு எதிராக அவர் நூலே விரித்து வைக்கப்பட்டது. பரிசு வேறு குழுவுக்குப் போயிற்று.

கூச்சலிட்ட தம் குழு இளைஞர்களை அடக்கிவிட்டு விருமாண்டி வந்தார். அவர் முகத்தில் சினம் இல்லை. அதுதான் முத்துமீனாவுக்குத் தாங்க முடியாததாயிற்று.

“கலங்காத தாயி. இனிமே பயலுகளுக்கு எடப்பக்கம் மட்டுமே பழக்கிர்றேன். நீ எழுதுனது பொய்யாப் போயிறக் கூடாதுல்ல.”

“வேணாம்ணே, வேணாம்!” என்று முத்துமீனா அவர் கையைப் பற்றிக் கதறியதையும் விருமாண்டி பெருந்தன்மை என்றே கொண்டு, வணங்கி வண்டியேறினார். அழியாது காக்க வந்த கையே அவ்வாட்டத்தின் ஒரு பக்கத்தை அடைத்துவிட்டது. அடைத்தவரோ அதைத் திறக்கும் வழியறியாது, ஆளொழிந்த அரங்கில் தனியே அமர்ந்திருந்தார்.