பாதி லாக்

குடிநீர்த் துறையில் மீட்டர் பார்ப்பவர்களுக்குச் சைக்கிள் கொடுக்கலாம் என்று முதலில் சொன்ன புண்ணியவான் யார் என்று இப்போது யாருக்கும் நினைவில்லை. அந்தச் சைக்கிள்களின் செயின் லாக்குகள் யாருடைய பெட்டியில் இருக்கின்றன என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும். ஸ்டோர் அதிகாரிக்குப் 'பெட்டகம்' என்று பட்டப்பெயர் வைத்தவர்கள் சும்மா வைக்கவில்லை. பதினோரு வருடத்தில் அவர் கையை விட்டுப் போன லாக்குகள் மொத்தம் நான்கு. அதில் ஒன்றை நினைத்து மனிதர் இன்னும் வருத்தப்படுகிறார்.

செயின் லாக் ஒன்றும் பெரிய சமாசாரம் இல்லை. விரல் நகம் அளவில் இரண்டு பாதிகள், அச்சு அசலாக ஒரே மாதிரி. ஒவ்வொன்றிலும் ஒரு முளை, ஒரு துளை. பிரிந்த செயினின் முனைக்கு ஒன்றாக மாட்டி, ஒன்றின் முளையை மற்றதன் துளையில் விட்டு, பின் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பெடலை ஓங்கி ஒரு மிதி மிதித்தால் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். கடையில் வாங்கிவிடலாமே என்பீர்கள். டெண்டர் விட்டு வாங்கிய சைக்கிள் அது. அந்தச் செயினின் அகலத்துக்கு லாக் வைத்திருக்கும் கடை ஊரில் ஒன்றுகூடக் கிடையாது.

மீட்டர்க்காரிக்கு அன்றைக்கென்று பார்த்துச் செயின் விட்டுப்போனது. ஆறு மாதத் தகுதிகாண் காலத்தின் கடைசி நாள். ஐந்து மணிக்குள் எல்லா வீட்டு மீட்டரையும் பார்த்துவிட்டால் வேலை நிரந்தரம். ஒரு வீடு விட்டுப்போனாலும் மறுபடியும் ஆறு மாதம். "நீ நிரந்தரமாகி நாங்க பாக்கப் போறோமாக்கும்" என்று அவளுடைய நாத்தனார் காலையில்தான் வாழ்த்தி அனுப்பியிருந்தாள். இன்னும் அறுபத்திரண்டு வீடு பாக்கி, அதுவும் ஊரின் மறுகோடியில். மேட்டில் எழுந்து மிதித்தபோது லாக் தெறித்தது. ஒரு பாதி செயினிலேயே நின்றது. மறுபாதி சாக்கடைப் பக்கம் பறந்தது. அரைமணி நேரம் மண்ணைக் கிளறியும் கிடைக்காமல், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஸ்டோருக்கு வந்தாள்.

பெட்டகம் அந்தப் பாதியை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னொண்ணு எங்கம்மா?"

"பறந்து போச்சு சார். தேடிப் பாத்துட்டேன்."

"ஒழுங்கா தேடினா கிடைக்கும். பழசைக் குடுத்தாத்தான் புதுசு. நான் வச்ச சட்டமா?"

அவர் வைத்த சட்டம்தான். சுவரில் ஒட்டியிருந்த தாளில் அவருடைய கையெழுத்தே இருந்தது.

"சார், இன்னிக்கு எனக்குத் தகுதிகாண் கடைசி நாள். இது இல்லைன்னா மறுபடியும் ஆறு மாசம் சார்."

பெட்டகம் கல்நெஞ்சக்காரர் இல்லை. நிஜமாகவே யோசித்தார். பிறகு பெட்டியைத் திறந்து, காகித உறையைக் கிழித்து, ஒரு பாதியை எடுத்து மேசைமேல் வைத்தார். மறுபாதியை உறைக்குள் போட்டுப் பெட்டியைப் பூட்டினார். அவள் கொடுத்த பழைய பாதி பழைய சாமான் டப்பாவுக்குள் போனது.

"பாதி குடுத்தே, பாதி குடுத்துட்டேன். உனக்காகத்தான் இவ்வளவும். வேற யாருக்கும் செய்யமாட்டேன்."

"இதை வச்சு என்ன சார் பண்றது?"

"மீதி கிடைச்சதும் கொண்டு வா, மீதியும் தர்றேன். கணக்கு சரியாயிடும்."

பாதியோடு வந்தவள் பாதியோடு வெளியே வந்தாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் வந்தது.

கொட்டகையில் அவள் சைக்கிளுக்குப் பக்கத்தில் பெட்டகத்தின் சைக்கிள் நின்றது. அதே டெண்டர், அதே செயின். பதினோரு வருடமாகத் தினம் துடைத்த மினுமினுப்பு. லாக் மேலாகவே தெரிந்தது, வா என்று கூப்பிடாத குறை.

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். இதுவரை அடுத்தவர் பொருளில் ஒரு குண்டூசி தொட்டதில்லை. இருந்தாலும் நாத்தனாரின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றதும் தயக்கம் போய்விட்டது. மீட்டர் மூடி திறக்கிற பிளேயரால் லாக்கை மூலைக்கு மூலை பிடித்து அழுத்தினாள். கழன்றது. ஒரு பாதியை எடுத்துக்கொண்டாள். மறுபாதியை அவர் செயினிலேயே விட்டுவைத்தாள். அவளுக்கு வேண்டியது பாதிதான், அதற்கு மேல் ஆசைப்படவில்லை. தன் செயினில் இரண்டையும் பூட்டி ஒரு மிதி மிதித்தாள். 'டக்.'

ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கடைசி மீட்டரைப் பார்த்து முடித்தாள்.

பெட்டகமோ ஐந்து மணிக்குக் கொட்டகைக்கு வந்தார். செயின் தரையில் கிடந்தது, முனையில் ஒரு பாதி மட்டும். அவர் ஸ்டோருக்குத் திரும்பி, பெட்டிக்கு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். உள்ளே பன்னிரண்டு முழு லாக்கும் ஒரு பாதியும் இருந்தன. சாவி அவர் இடுப்பிலேயே இருந்தது. பிறகு எழுந்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஐந்து மைல் நடந்து வீட்டுக்குப் போனார். என்ன இருந்தாலும் நேர்மையான மனிதர்.

மறுநாள் காலை நிரந்தர வேலைக்கான கடிதத்தை வாங்க வந்தவள், பெட்டகம் கொட்டகைத் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு குச்சியால் மண்ணைக் கிளறிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். முழங்காலில் அழுக்கு, கண்ணெல்லாம் சிவப்பு. அவளுக்குப் பாவமாக இருந்தது. வாய்வரை வந்துவிட்டது உண்மை.

அதற்குள் அவர் நிமிர்ந்து அவள் சைக்கிளைப் பார்த்தார்.

"ஏம்மா, உன் செயின் சரியாயிடுச்சா?"

"ஆச்சு சார். மீதி பாதி கிடைச்சுது."

"எங்கே கிடைச்சுது?"

"இங்கதான் சார். பக்கத்துலயே."

அவர் முகம் மலர்ந்தது.

"பாத்தியா? ஒழுங்கா தேடினா கிடைக்கும்னு நான் சொன்னேன்ல!" என்று சொல்லிவிட்டு, புதுத் தெம்போடு குனிந்து மறுபடியும் கிளற ஆரம்பித்தார்.