நாய்க்கு வாய்த்த பேச்சு

சோபாக்காரர் வேலை நேரத்தில் பேசமாட்டார். பேச முடியாது. குட்டிக் குட்டி ஆணிகளை வாய் நிறையப் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாக உதட்டுக்குத் தள்ளி எடுத்துக் கிழிந்த சோபாக்களுக்கு உறை அடிப்பார். வீட்டின் முன்னறைதான் பட்டறை. மனைவி என்ன கேட்டாலும் "ம்". சாப்பாடு நன்றாக இருந்ததா? "ம்". வாயில் ஆணி இல்லாத நேரத்திலும் அதே "ம்"தான், பழக்கதோஷம். கல்யாணமான நாளிலிருந்து அந்த ஒற்றை எழுத்தோடுதான் அவள் குடும்பம் நடத்திவந்தாள்.

போன வாரம் வாசலில் ஒரு வேன் தெருநாயின் பின்னங்காலை நசுக்கிவிட்டுப் போனது. மனுஷன் சுத்தியலைப் போட்டுவிட்டு ஓடினார். டாக்டரிடம் தூக்கிப்போய்க் கட்டுப் போட்டுவந்தார். சாக்கடை ஓரம் கத்திக்கொண்டிருந்த அதன் குட்டிகளையும் தேடிப்பிடித்து, பட்டறை மூலையில் பஞ்சைப் பரப்பித் தாயோடு படுக்கவைத்தார். அதுவரைக்கும் அவளுக்கும் நாய்மேல் இரக்கம்தான். அவளேதான் பால் ஊற்றினாள்.

மறுநாள் அடுப்படியில் இருந்தவள் காதில் விழுந்தது.

"கண்ணு, கொஞ்சம் சாப்பிடேன்."

வெட்கம் பிடுங்கித் தின்ன, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே, "இதோ வந்துட்டேங்க" என்று ஓடிவந்தாள். அவர் நாய் முன்னால் குந்தியிருந்தார். வாயிலிருந்த ஆணியெல்லாம் உள்ளங்கையில்.

"நீ எதுக்கு வந்தே?"

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நாய்க்கென்றால் ஆணியைத் துப்பத் தெரிகிறது! வலிக்குதா, குட்டிங்க தொல்லை பண்ணுதா என்று என்ன விசாரிப்பு, என்ன கொஞ்சல்! அன்றிலிருந்து பால் கிண்ணத்தை ணங்கென்று வைத்தாள். நாய் வாலாட்டினால், "போதும் உன் நடிப்பு" என்று முறைத்தாள். போயும் போயும் ஒரு நொண்டி நாயிடம் பொறாமைப்படுகிறோமே என்று தன்மேலேயே எரிச்சல் வேறு.

இன்று கட்டு மாற்ற வேண்டும். புண்ணைத் தொட்டதும் நாய் கடிக்கவந்தது.

"தலையைக் கொஞ்சம் பிடிச்சுக்கறியா?" என்றார்.

"எனக்கும் கால் ஒடிஞ்சாத்தான் நாலு வார்த்தை பேசுவீங்களா?"

கேட்டே விட்டாள். அவர் பஞ்சும் கையுமாக விழித்தார்.

"இதுகிட்ட என்ன சொன்னாலும் சும்மா கேட்டுக்குது. உங்கிட்ட எதைச் சொன்னாலும் வம்பாயிடுது."

"அப்போ அதுகிட்டயே சொல்லுங்க. நான் பிடிச்சுக்கறேன்."

தரையில் உட்கார்ந்து நாயின் தலையை மடியில் வாங்கிக்கொண்டாள். அவர் மருந்தைத் தடவினார். பிறகு நாயைப் பார்த்துச் சொன்னார்.

"இவ சமையல்னா எனக்கு உசுரு. ஆனா சொல்லிப்பாரு, இத்தனை நாளா ஏன் சொல்லலைன்னு சண்டைக்கு வருவா."

அதைக் கேட்கத்தான் அவள் வாயைத் திறந்திருந்தாள். மூடிக்கொண்டாள்.