தண்ணீருக்கு வராத பாலிசி

என் தங்கை வீட்டுக்காரருக்கு நான் வைத்த பெயர் கண்ணாடி. மூக்குக்கண்ணாடி ஃப்ரேம்களைக் காரில் ஏற்றிக்கொண்டு கடை கடையாகப் போய் விற்பவர். கார்தான் அவருக்குக் கடை, கிடங்கு, மதியம் கண் அசரும் இடம், எல்லாம். நான் இன்சூரன்ஸ் ஏஜென்ட். குடும்பத்துக்குள்ளேயே ஒருத்தி இருக்கும்போது, அந்த மனிதர் என்னிடம் மூச்சு விடாமல் போனிலேயே கார் பாலிசியைப் புதுப்பித்துவிட்டு, அதை என்னிடமே பெருமையாகச் சொன்னார்.

"தேவையில்லாததெல்லாம் தூக்கிட்டேன் அண்ணி. சட்டம் கேக்குறது மட்டும் போதும்னுட்டேன்."

அன்றைக்கும் மழைதான். அந்த வாரம் முழுக்க வானம் இருண்டே கிடந்தது, பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருந்தது. எனக்கு வந்த கோபத்தில் தங்கை வீட்டு மேசையில் இருந்த டீ கப்புகள் இரண்டை இழுத்து ஒன்றோடொன்று இடித்தேன்.

"இது உங்க வண்டி, இது அடுத்தவன் வண்டி. நீங்க போய் இடிச்சா, அவன் வண்டிக்கும் அவன் கை காலுக்கும் கம்பெனி குடுக்கும். அதுதான் தேர்ட் பார்ட்டி. நீங்க வாங்கி வச்சிருக்கறது அது மட்டும்தான்."

"அப்போ என் வண்டிக்கு?"

"பட்டை நாமம். உங்க வண்டி நசுங்கினா, எரிஞ்சா, களவு போனா, தண்ணியில முழுகினா, அதுக்கு ஓன் டேமேஜ்னு தனியா இருக்கு. ரெண்டும் சேர்ந்தாத்தான் எல்லாரும் சொல்ற ஃபுல் இன்சூரன்ஸ். ஓட்டுறவர் உசுருக்குன்னு வேற ஒண்ணு இருக்கு. அதையும் தூக்கிட்டீங்களாக்கும்?"

"நான் மெதுவாத்தானே அண்ணி ஓட்டுறேன்."

"உங்களுக்கெல்லாம் பட்டாத்தான் தெரியும்."

தங்கை மேசைக்கடியில் என் காலை மிதித்தாள். நான் விடுவேனா? பள்ளிக்கூடப் பிள்ளையைப் போல அவரை ஒப்பிக்க வைத்தேன். எந்த ஏச்சுக்கும் முகம் கோணாத மனிதர். சிரித்துக்கொண்டே, ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தார். சொன்னது மண்டையில் ஏறிவிட்டது என்று எனக்கு அப்போது சந்தோஷமாகக்கூட இருந்தது.

பாலிசியை நடுவில் மாற்றுவதென்றால் கம்பெனி ஆள் வந்து வண்டியைப் பார்த்து போட்டோ எடுக்க வேண்டும். அதுவரை மாற்ற முடியாது என்று விளக்கி, மறுநாளே ஆளை அனுப்புவதாகச் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"வண்டி பூரா சேறு அண்ணி. இந்தக் கோலத்துலயா போட்டோ எடுக்கறது? மழை விடட்டும், கழுவித் துடைச்சு நிறுத்தறேன்."

ஏதோ வண்டிக்குக் கல்யாணப் போட்டோ எடுக்கப் போகிற மாதிரி. நானும் சரி, தொலையட்டும் என்று விட்டேன். மழைதான் விடவில்லை.

சில நாள் கழித்து ஒரு காலை ஆபீஸில் இருந்தேன். ஜன்னலுக்குக் கீழே தெருவைக் காணவில்லை, பழுப்புத் தண்ணீர்தான் ஓடியது. சாக்கடை மூடி ஒன்று தானாகத் தூக்கித் தூக்கி விழுந்துகொண்டிருந்தது. தங்கையிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, கார் நிறுத்துற எடத்துல தண்ணி ஏறுது. இவர் சாவியோட நிக்கிறாரு."

அவர்கள் அடுக்குமாடியில் வண்டிகள் தரைக்குக் கீழேதான் நிற்கும். வெளியே வர ஒரே ஒரு சரிவுப் பாதை. அதை ஒட்டித்தான் தெருவோரத்து மதில். இப்படி முழுகிய இடங்களைத் தொழிலில் எத்தனையோ பார்த்தவள் நான். தண்ணீர் முதலில் மெல்ல மெல்லத்தான் ஏறும், பார்க்கிறவனுக்கு நேரமிருக்கிறது என்று தோன்றும். பிறகு எங்காவது மதில் விழும். அதற்கப்புறம் எவ்வளவு தள்ளினாலும் கார் கதவு திறக்காது.

"போனை அவர்கிட்ட குடுத்துட்டு, நீ ஓடிப் போய் பக்கத்து வீட்டுல யாரையாவது கூப்பிடு" என்றேன்.

"முட்டிக்குத்தான் இருக்கு அண்ணி. மேல கொண்டு வந்து நிறுத்திட்டு வந்துடறேன். ஃப்ரேம் மொத்தமும் டிக்கியிலதான் கெடக்கு."

"வேணாம் மாப்பிள்ளை. வண்டி போனாப் போகட்டும்."

"தண்ணிக்கு நம்ம பாலிசியில வராதே."

இத்தனை வருஷத் தொழிலில் வராததை வரும் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. அதனாலேயே என்னை விட்டுப் போன வாடிக்கையாளர்கள் உண்டு. அன்று வாய் கூசாமல் சொன்னேன்.

"வரும் மாப்பிள்ளை. உங்களுக்குச் சொல்லாம நானே மாத்தி வச்சுட்டேன். ஃபுல் இன்சூரன்ஸ். முழுகினாலும் கெடைக்கும். நீங்க மேலயே இருங்க ராஜா."

 அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"போட்டோ எடுக்காம மாத்த முடியாதுன்னு நீங்கதானே அண்ணி சொன்னீங்க? அதோட, என்னைக்காவது என்னை ராஜான்னு கூப்பிட்டிருக்கீங்களா? திட்டிச் சொல்லியிருந்தா நம்பியிருப்பேன்."

"அறிவுகெட்ட மனுஷா, கீழ எறங்கினே காலை ஒடிச்சுடுவேன்" என்று கத்தினேன்.

"நான்தான்க்கா" என்றாள் தங்கை. "யாரும் கதவைத் திறக்கல. நான் வந்ததும் போனைக் குடுத்துட்டு எறங்கிட்டாரு."

அவளும் படிக்கட்டில் பாதி தூரம் போய் நின்றாள். கீழே அவர் தண்ணீரை அளைந்துகொண்டு நடப்பது எனக்கே கேட்டது. கதவு சாத்தும் சத்தம் வந்தது. எஞ்சின் இருமியது, இன்னொரு தரம் இருமியது, பிறகு பிடித்துக்கொண்டது.

"ஸ்டார்ட் ஆயிடுச்சுக்கா" என்றாள். அவள் குரலில் உயிர் வந்திருந்தது. எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

அப்போதுதான் லாரியிலிருந்து மணலைக் கொட்டியது போல ஒரு சத்தம். எஞ்சின் நின்றுபோனது. தங்கை "என்னங்க" என்றாள். அப்புறம் விடாமல் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். போனில் எனக்குத் தண்ணீர் இரைச்சல் மட்டும் கேட்டது.

மறுநாள் பம்பு வைத்துத் தண்ணீரை இறைத்த பிறகுதான் அவரை வெளியே எடுக்க முடிந்தது. ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் நானும் தங்கையும் உட்கார்ந்திருந்தோம். அவள் அழவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

"வரும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாக்கா? நீ சொன்னா அவர் நம்புவாரே."

"சொன்னேன்டி."

"எப்படிச் சொன்னே?"

"அன்பா சொன்னேன்" என்றேன்.